மிகை நீள்வட்டப் பாதையில் சுற்றும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள்: மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளில் மின்னணுவியல் படிக்கும் மாணவர்களும், வீடுகளுக்கு டிஷ் மாட்டித் தரும் தொழிலாளர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். செயற்கைக்கோள் என்றாலே வானில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது என்ற எண்ணம் நம் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணம் நம் ஊர் இருக்கும் இடமே என்பது கீழே உள்ள விடைகளில் தெரியவரும். சில எண்களை நானே கணக்கிட்டுத் தோராயமாகத் தந்திருக்கிறேன். முக்கோணவியல் தெரிந்த எவரும் அவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மிகை நீள்வட்டப் பாதை என்பது என்ன?

நம் வீட்டு மாடி டிஷ்கள் பார்க்கும் செயற்கைக்கோள்கள் யாவும் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ முழு வட்டமான பாதையில், பூமி ஒரு முறை தன்னைத்தானே சுற்ற எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. இதைப் புவிநிலைப் பாதை என்கிறோம். மிகை நீள்வட்டப் பாதையோ ஒரு பக்கம் பூமியை ஒட்டியும் மறுபக்கம் மிகத் தொலைவிலும் செல்லும் நீண்ட பாதை. பூமிக்கு மிக அருகே வரும் இடத்தை அண்மைப் புள்ளி என்றும், மிகத் தொலைவான இடத்தைச் சேய்மைப் புள்ளி என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இவ்வகையில் மிகவும் பெயர் பெற்ற மோல்னியா பாதையில் அண்மைப் புள்ளி 500 முதல் 1,000 கி.மீ. உயரத்திலும், சேய்மைப் புள்ளி ஏறத்தாழ 40,000 கி.மீ. உயரத்திலும் அமைகின்றன.

மதுரைக்கு நேர் மேலே ஒரு செயற்கைக்கோளை அசையாமல் நிறுத்த முடியாதா?

முடியாது. எஞ்சின் இயங்காமல் தானாகச் சுற்றும் எந்தச் செயற்கைக்கோளின் பாதைத் தளமும் பூமியின் மையத்தின் வழியாகச் சென்றே ஆக வேண்டும். மதுரையின் அட்சரேகையான ஏறத்தாழ 9.9 டிகிரி வடக்குக்கு மேலேயே சுற்றிவரும் வட்டம் ஒன்றைக் கற்பனை செய்தால், அதன் தளம் மையத்தைத் தொடாமல் வடக்கே ஒதுங்கியிருக்கும். அத்தகைய பாதை இயற்கையில் கிடையாது. ஆகவே, பூமியைப் பொறுத்து அசையாமல் இருக்கும் உரிமை நிலநடுக்கோட்டுக்கு மேலே உள்ள அந்த ஒரே வளையத்துக்குத்தான் உண்டு. மற்ற அட்சரேகைகளில் வாழ்பவர்கள் அந்த வளையத்தைச் சாய்வாகப் பார்க்க வேண்டும், அல்லது தங்கள் தலைக்கு மேலே நெடுநேரம் தங்கிச் செல்லும் செயற்கைக்கோள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது வழியைத்தான் மிகை நீள்வட்டப் பாதை தருகிறது.

புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பார்க்கிறதே, பிறகு எதற்கு இன்னொரு வகை?

பார்ப்பது வேறு, பயன்படும் கோணத்தில் பார்ப்பது வேறு. மதுரையிலிருந்து 83 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோளைப் பார்த்தால், அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 77 டிகிரி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சியில் தெரியும். 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 ஏறத்தாழ 69 டிகிரியில் தெரியும். மாடியில் உள்ள டிஷ் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியவில்லையே என்று டிஷ் மாட்டுபவர்களும் கேட்பதுண்டு. வீட்டு டிஷ்களில் அலையை வாங்கும் எல்.என்.பி. கருவி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி அமைந்திருக்கிறது. அதனால் டிஷ்ஷின் முகம் உண்மையான கோணத்தைவிட 25 டிகிரி அளவுக்குத் தாழ்ந்தே காட்சி தரும். அது வெறும் தோற்றம்தான்.

இப்போது வடக்கே போவோம். ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் நகரம் ஏறத்தாழ 69 டிகிரி வடக்கில் இருக்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் அந்நகரத்துக்கு நேர் தெற்கே, மிக வாய்ப்பான இடத்தில் இருந்தாலும், அடிவானிலிருந்து 12 அல்லது 13 டிகிரிக்கு மேல் எழாது. 75 டிகிரி அட்சரேகையில் அது 6 டிகிரி ஆகிவிடும். 81 டிகிரியைத் தாண்டினால் செயற்கைக்கோள் அடிவானுக்குக் கீழே போய்விடும்.

இந்த வேறுபாட்டை நம் ஊரை வைத்தே அளந்து பார்க்கலாம். மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரம். அது உங்கள் டிஷ்ஷுக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 77 டிகிரி கோணத்தில் பார்க்கும் டிஷ், கோபுரத்தின் அடியிலிருந்து 40 அடி தள்ளியிருந்தாலே சிக்னல் கிடைத்துவிடும். 12.5 டிகிரி கோணத்தில் பார்க்க வேண்டியிருந்தால், ஏறத்தாழ 770 அடி தள்ளிப் போக வேண்டும். அதற்குள் வேறு கட்டடங்கள் குறுக்கே வந்துவிடும். யானைமலையின் அடிவாரத்தில் நரசிங்கம் பக்கம் உள்ள வீடுகளில்கூட டிஷ் வேலை செய்வதற்கு இந்த உயர்ந்த கோணமே காரணம். தாழ்ந்த கோணத்தில் இன்னொரு கேடும் உண்டு: அலை காற்று மண்டலத்தையும் மழையையும் குறுக்காகக் கடப்பதால், வழியில் இழக்கும் வலிமை கூடிவிடுகிறது.

நகர்ந்துகொண்டே இருக்கும் செயற்கைக்கோள் எப்படி ஒரு வட்டாரத்துக்கு மேலே நெடுநேரம் தங்குகிறது?

மேலே எறிந்த பந்து உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, அங்கே சற்றுத் தயங்கிவிட்டுக் கீழே விரைகிறது அல்லவா, அதே ஈர்ப்பு விளையாட்டுதான் இங்கும் நடக்கிறது. கெப்ளரின் இரண்டாம் விதி இதைத் துல்லியமாகச் சொல்கிறது: பூமியின் மையத்தையும் செயற்கைக்கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கிறது. எனவே தொலைவில் இருக்கும்போது அது மெதுவாகவும் அருகில் வரும்போது வேகமாகவும் செல்ல வேண்டியிருக்கிறது.

மோல்னியா பாதையில் அண்மைப் புள்ளி 500 கி.மீ. உயரத்தில் இருந்தால், அங்கே வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 கி.மீ.; சேய்மைப் புள்ளியில் அது நொடிக்கு 1.5 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அண்மைப் புள்ளியைத் தென் அரைக்கோளத்தில் வைத்துவிட்டால், ஏறத்தாழ 12 மணி நேரம் எடுக்கும் ஒரு சுற்றில், செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. மீதி 11 மணி நேரமும் வட அரைக்கோளத்தில்தான்.

அந்தப் பதினொரு மணி நேரத்தில், சேய்மைப் புள்ளிக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு மணி நேரமாக எட்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். அந்நேரத்தில் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள இடம் 47 டிகிரி வடக்கிலிருந்து 63.4 டிகிரி வடக்கு வரை ஏறி, மறுபடியும் 47 டிகிரிக்கு இறங்குகிறது. உயரம் 24,000 கி.மீ.யில் தொடங்கி 40,000 கி.மீ. வரை சென்று திரும்புகிறது. அது ஓரிடத்தில் நிற்கவில்லை என்றாலும், வடக்கே வாழ்பவரின் வானத்தில் உச்சியை ஒட்டிய ஒரு பகுதிக்குள்ளேயே மெதுவாக அலைந்துகொண்டிருக்கிறது. வட்டாரச் சேவை என்பதன் பொருள் இதுதான்.

சுற்றும் நேரம் ஏன் 12 மணி நேரமாக அமைக்கப்படுகிறது?

துல்லியமாகச் சொன்னால் அது 11 மணி 58 நிமிடம். பூமி விண்மீன்களைப் பொறுத்து ஒரு முறை சுழல எடுக்கும் நேரத்தில் சரிபாதி. இரண்டு சுற்று முடியும்போது பூமியும் ஒரு சுழற்சியை முடித்திருப்பதால், செயற்கைக்கோள் ஒவ்வொரு நாளும் அதே ஊர்களுக்கு மேலேயே, முந்தைய நாளைவிட நான்கு நிமிடம் முன்னதாக வந்துவிடும். தரை நிலையங்கள் ஒரே நேர அட்டவணையைச் சிறு திருத்தத்தோடு பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

ஒரு நாளில் இரண்டு சேய்மைப் புள்ளிகள் வருகின்றன. அவை 180 டிகிரி தீர்க்கரேகை இடைவெளியில் அமைகின்றன. ஒன்று சைபீரியாவுக்கு மேலே என்றால், மற்றது வட அமெரிக்காவுக்கு மேலே. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையிலான அவசரத் தொடர்பு 1978-இல் செயற்கைக்கோள் வழிக்கு மாற்றப்பட்டபோது, அமெரிக்கத் தரப்பு இன்டெல்சாட் செயற்கைக்கோள்களையும் சோவியத் தரப்பு மோல்னியா செயற்கைக்கோள்களையும் கொடுத்தன. இரு கண்டங்களும் ஒரே வட முனையைப் பகிர்ந்துகொள்வதால், அதற்கு மேலே உயர நிற்கும் செயற்கைக்கோளை இரண்டு தலைநகரங்களும் காண முடிந்தது.

63.4 டிகிரி சாய்வு என்று எல்லா நூல்களிலும் வருகிறதே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

சாய்வு என்பது பாதைத் தளத்துக்கும் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கும் இடையே உள்ள கோணம். பூமி முழு உருண்டையாக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பூமி நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பின் கூடுதல் ஈர்ப்பு, நீள்வட்டத்தை அதன் தளத்துக்குள்ளேயே மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். அண்மைப் புள்ளியும் சேய்மைப் புள்ளியும் அதனால் நாளுக்கு நாள் இடம் மாறும். இந்தத் திருப்பத்தின் வேகம், சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பை வர்க்கப்படுத்தி ஐந்தால் பெருக்கி நான்கிலிருந்து கழித்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் பூஜ்யமாகும் சாய்வு 63.4 டிகிரி. அங்கே திருப்பம் நின்றுவிடுகிறது.

இது பொறியாளர்களின் நுணுக்க ஆசை அன்று. சேவையின் உயிரே இதில்தான் இருக்கிறது. மோல்னியா அளவுள்ள பாதையை 50 டிகிரி சாய்வில் அமைத்தால், என் கணக்குப்படி சேய்மைப் புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 64 டிகிரி நகரும். மூன்று ஆண்டுகள் முடியும் முன்பே அது தென் அரைக்கோளத்துக்குப் போய்விடும். 20 டிகிரி சாய்வில் ஓர் ஆண்டுகூடத் தாங்காது. சைபீரியாவுக்காக அனுப்பிய செயற்கைக்கோள் அண்டார்டிகாவுக்குத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருக்கும். இதை எரிபொருள் செலவழித்துத் திருத்துவது கட்டுப்படியாகாது. 63.4 டிகிரியைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மாணவர்கள் இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, மேலே சொன்ன சூத்திரத்தில் பல சாய்வுகளைப் போட்டுப் பார்த்தால், பாடம் முழுவதும் விளங்கிவிடும் என்பது என் கருத்து.

இடைவிடாத சேவைக்கு எத்தனை செயற்கைக்கோள்கள் வேண்டும்?

ஒரு செயற்கைக்கோள் ஒரு வட்டாரத்துக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் நல்ல கோணத்தில் சேவை தருகிறது என்றால், மூன்று தேவை. மூன்றின் பாதைத் தளங்களும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலகியிருக்கும். ஒன்று இறங்கத் தொடங்கும்போது அடுத்தது ஏறி வந்திருக்கும். நான்கு இருந்தால் ஒவ்வொன்றும் 6 மணி நேரம் உழைத்தால் போதும். அப்போது சேய்மைப் புள்ளிக்கு அருகே உள்ள மிக நல்ல பகுதியை மட்டும் பயன்படுத்தலாம்.

கை மாறும் அந்தத் தருணத்தில்தான் தரை நிலையத்துக்கு வேலை கூடுகிறது. தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டுமென்றால், பழைய செயற்கைக்கோளைப் பின்தொடர ஓர் ஆன்டெனாவும் புதியதைப் பிடிக்க இன்னோர் ஆன்டெனாவும் தேவை. அல்லது ஒரே ஆன்டெனாவைத் திருப்பி நிறுத்தும் வரை சிறு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை முதலில் நடைமுறைப்படுத்தியவர்கள் யார்?

சோவியத் ஒன்றியம். ராக்கெட் பொறியாளர் கொரோலியோவின் வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய மோல்னியா-1 வரிசையின் முதல் வெற்றிகரமான செயற்கைக்கோள் 1965 ஏப்ரல் 23 அன்று ஏவப்பட்டது. மாஸ்கோவுக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் இடையே தொலைக்காட்சி அதன் வழியாகச் சென்றது. அதே ஏப்ரல் 6 அன்றுதான் அமெரிக்காவில் 'எர்லி பேர்ட்' எனப்பட்ட இன்டெல்சாட்-1 புவிநிலைப் பாதையை நோக்கி ஏவப்பட்டிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு நாடுகள் இரண்டு வெவ்வேறு பாதைகளைத் தேர்ந்தெடுத்தன. இரண்டும் தத்தம் நிலப்பரப்புக்குப் பொருத்தமான தேர்வுகளே.

சோவியத் தேர்வுக்கு அட்சரேகை மட்டும் காரணமல்ல. பைக்கனூர் ஏவுதளம் ஏறத்தாழ 46 டிகிரி வடக்கில் உள்ளது. பின்னர் பயன்பட்ட பிளெசெட்ஸ்க் தளம் ஏறத்தாழ 63 டிகிரி வடக்கில் உள்ளது. அங்கிருந்து கிளம்பும் ராக்கெட் நிலநடுக்கோட்டுத் தளத்துக்குத் திரும்ப நிறைய எரிபொருளை இழக்க வேண்டும். ஆனால் 63 டிகிரி சாய்வுள்ள பாதைக்குப் போவது அதற்கு இயல்பானது.

1967 நவம்பரில், அக்டோபர் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 'ஆர்பிட்டா' என்ற தரை நிலைய வலையமைப்பு செயல்படத் தொடங்கியது. 12 மீட்டர் விட்டமுள்ள டிஷ்களைக் கொண்ட அந்நிலையங்கள் மாஸ்கோ நிகழ்ச்சிகளைப் பிடித்து, சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒளிபரப்பின. தூர வடக்கிலும் தூரக் கிழக்கிலும் இருந்த ஊர்களுக்குத் தலைநகரின் தொலைக்காட்சி அப்படித்தான் நேரடியாகப் போய்ச் சேர்ந்தது. மோல்னியாவின் வேலையை 2006 டிசம்பரில் தொடங்கிய மெரிடியன் வரிசை தொடர்கிறது.

குளிர் நாடுகளுக்கு மட்டும்தானா? மக்கள் அன்றாடம் பயன்படுத்திய வேறு எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. அமெரிக்காவின் சிரியஸ் செயற்கைக்கோள் வானொலி 2000-ஆம் ஆண்டில் மூன்று செயற்கைக்கோள்களை ஏவி, டுண்ட்ரா எனப்படும் 24 மணி நேர நீள்வட்டப் பாதையில் அமைத்தது. அண்மைப் புள்ளி ஏறத்தாழ 24,000 கி.மீ., சேய்மைப் புள்ளி ஏறத்தாழ 47,000 கி.மீ. ஒவ்வொரு செயற்கைக்கோளும் நாளுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும்.

கார்களுக்கான வானொலி என்பதே அதற்குக் காரணம். காரின் கூரையில் உள்ள சிறிய ஆன்டெனா எதையும் குறிபார்த்துத் திரும்பாது. செயற்கைக்கோள் தாழ்ந்த கோணத்தில் இருந்தால், உயரமான கட்டடங்களும் மரங்களும் நொடிக்கு நொடி மறைக்கும். உச்சியை ஒட்டி நிற்கும் செயற்கைக்கோளுக்கு அந்தத் தொல்லை குறைவு. அந்நிறுவனம் 2008-இல் புவிநிலைச் செயற்கைக்கோள்களைக் கொண்ட எக்ஸ்எம் வானொலியுடன் இணைந்தபின், நீள்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்களைப் படிப்படியாகக் கைவிட்டது.

இங்கே வேர்ல்டுஸ்பேஸ் வானொலிப் பெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்துக் கேட்டவர்களுக்கு ஒரு செய்தி: அதன் ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் 105 டிகிரி கிழக்கில் புவிநிலைப் பாதையில் இருந்தது, மதுரையிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 57 டிகிரி உயரம். நமக்கு நீள்வட்டப் பாதை தேவைப்படவே இல்லை.

ஜப்பானின் மிச்சிபிக்கியும் நம் நாவிக்கும் இந்த வகையைச் சேர்ந்தவையா?

உறவினர்கள் எனலாம், ஒரே வீடு அல்ல. மிச்சிபிக்கியின் முதல் செயற்கைக்கோள் 2010 செப்டம்பரில் ஏவப்பட்டது. நான்கு செயற்கைக்கோள்களோடு 2018 நவம்பர் 1 அன்று சேவை தொடங்கியது. அவற்றில் மூன்று 24 மணி நேரப் பாதையில், ஏறத்தாழ 32,000 கி.மீ.க்கும் 40,000 கி.மீ.க்கும் இடையே ஏறி இறங்குகின்றன. நீள்வட்டம் மிதமானதுதான், ஆனால் ஜப்பானின் வானத்தில் ஒவ்வொன்றும் மாறி மாறி நெடுநேரம் தங்க அது போதும். நாவிக்கின் சாய்வுப் பாதைச் செயற்கைக்கோள்கள் 29 டிகிரி சாய்வில், ஏறத்தாழ வட்டமான பாதையில் சுற்றுகின்றன. இரண்டுமே வழிகாட்டும் சேவைக்கானவை. தொலைக்காட்சிக்கோ இணையத்துக்கோ அல்ல.

தரை நிலையத்தில் இருப்பவர்களுக்கு என்ன சிக்கல்கள் வருகின்றன?

மூன்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, சிக்னலின் வலிமை ஒரே அளவில் இராது. 24,000 கி.மீ. உயரத்திலிருந்து 40,000 கி.மீ.க்கு ஏறும்போது, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, வந்து சேரும் வலிமை ஏறத்தாழ 2.7 மடங்கு குறைகிறது. செயற்கைக்கோளின் ஆன்டெனாக் கற்றை தரையில் விழும் பரப்பும் அதற்கேற்ப விரிந்து சுருங்கும்.

இரண்டாவது, டாப்ளர் விளைவு: அலையை அனுப்பும் பொருள் விலகும்போதும் நெருங்கும்போதும் அலையின் அதிர்வெண் மாறித் தெரிவது. புவிநிலைச் செயற்கைக்கோளில் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. மோல்னியா பாதையிலோ, சேவை நேரம் தொடங்கும்போது செயற்கைக்கோள் பூமியை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 2.4 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்கிறது. உச்சியில் அது பூஜ்யமாகி, பின்னர் அதே வேகத்தில் நெருங்கி வருகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இது ஏறத்தாழ 32 கிலோஹெர்ட்ஸ் விலகலாகத் தெரியும். பழைய அனலாக் தொலைக்காட்சி இதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. இன்றைய டிஜிட்டல் மோடம்கள் கணக்கிட்டுத் திருத்திக்கொள்கின்றன.

மூன்றாவது, தாமதம். மேலே போய்க் கீழே வர 80,000 கி.மீ. என்றால் கால் நொடிக்குச் சற்று மேல். புவிநிலைக்கும் இதற்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை.

செயற்கைக்கோளுக்கே ஏதும் ஆபத்து உண்டா?

முதல் ஆபத்து கதிர்வீச்சு. பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளை மோல்னியா வகைச் செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் கடக்கிறது. சூரியத் தகடுகளும் மின்னணுப் பாகங்களும் இதனால் விரைவில் தளர்கின்றன.

அடுத்தது, அதிகம் பேசப்படாதது: சூரியனும் நிலவும் இழுக்கும் இழுப்பு. சேய்மைப் புள்ளி வெகு தொலைவில் இருப்பதால் அங்கே அந்த இழுப்பு வேலை செய்து, அண்மைப் புள்ளியின் உயரத்தை ஆண்டுக்கணக்கில் ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. அமெச்சூர் வானொலி (ஹாம்) அன்பர்கள் 1988 ஜூனில் அனுப்பிய ஆஸ்கர்-13 இதற்குச் சான்று. நீள்வட்டப் பாதையில் இருந்த அது பல கண்டங்களை ஒரே நேரத்தில் இணைத்தது. கண்டம் விட்டுக் கண்டம் மணிக்கணக்கில் பேச முடிந்ததால் ஹாம் அன்பர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் சூரிய, சந்திர இழுப்பால் அதன் அண்மைப் புள்ளி இறங்கிக்கொண்டே வந்து, 1996 டிசம்பரில் அது காற்று மண்டலத்துக்குள் நுழைந்து எரிந்தது. ஏவும் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதிலேயே இந்த விளைவைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் நம் டிவியில் சில நிமிடங்கள் படம் உடைகிறதே, அது நீள்வட்டப் பாதையிலும் நடக்குமா?

அந்நாட்களில் சூரியன் சரியாகப் புவிநிலைச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து, அதன் இரைச்சல் டிஷ்ஷுக்குள் புகுந்துவிடுகிறது. சூரியன் 23.4 டிகிரிக்கு மேல் வடக்கே போவதில்லை. நீள்வட்டப் பாதைச் செயற்கைக்கோள் தன் வேலை நேரத்தை அதற்கு வெகு வடக்கே கழிப்பதால், அதைப் பயன்படுத்தும் வடக்கு ஊர்களில் இந்தத் தொல்லை பொதுவாக எழுவதில்லை. பூமியின் நிழலில் சிக்குவதும் அப்படியே: புவிநிலையில் சம இரவு நாட்களை ஒட்டி 72 நிமிடம் வரை நிழல் விழும், நீள்வட்டப் பாதையில் நிழல் பெரும்பாலும் அண்மைப் புள்ளியின் பக்கம், ஒலிபரப்பு இல்லாத நேரத்தில் கடந்துவிடும்.

தாழ்ந்த பாதையில் நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்கள் வந்துவிட்ட பின்னும் இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒன்வெப் நிறுவனம் 1,200 கி.மீ. உயரத்தில் 600-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டிருக்கிறது. அவற்றில் 72-ஐ 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் எல்விஎம்-3 ராக்கெட்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கொண்டு சென்றது. தாமதம் மிகக் குறைவு என்பது அந்த முறையின் பெரும் பலம். ஆனால் முழு உலகத்துக்கும் சேவை தரும் அமைப்பு அது. ஒரு வட்டாரம் மட்டும் வேண்டும் என்பவருக்கு அத்தனை செயற்கைக்கோள்கள் எதற்கு?

நார்வேயின் ஸ்பேஸ் நார்வே நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஏவிய இரண்டு செயற்கைக்கோள்களே இதற்கு விடை. அவை ஏறத்தாழ 8,000 கி.மீ.க்கும் 43,000 கி.மீ.க்கும் இடையே, 16 மணி நேரச் சுற்றில் செல்கின்றன. மூன்று சுற்றுக்கு இரண்டு நாள். மூன்று வெவ்வேறு தீர்க்கரேகைகளில் சேய்மைப் புள்ளி. 65 டிகிரிக்கு வடக்கே உள்ள ஆர்க்டிக் பகுதி முழுவதற்கும் இரண்டே செயற்கைக்கோள்கள் 24 மணி நேரமும் அகலக்கற்றை இணைப்பைத் தருகின்றன. அண்மைப் புள்ளியை 8,000 கி.மீ.க்கு உயர்த்தியதால், வான் ஆலன் உட்பட்டையின் கடுமையான புரோட்டான் பகுதியையும் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார்கள். மோல்னியாவின் பழைய அமைப்பை ஒப்பிடும்போது, என் பார்வையில் இது மிக நேர்த்தியான திருத்தம்.

இஸ்ரோ ராக்கெட்டும் செயற்கைக்கோளை முதலில் நீள்வட்டப் பாதையில்தானே விடுகிறது? அதுவும் இதுவும் ஒன்றா?

வடிவம் ஒத்திருக்கும், நோக்கம் வேறு. ஜிஎஸ்எல்வி கொண்டு செல்லும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் முதலில் ஏறத்தாழ 170 கி.மீ.க்கும் 36,000 கி.மீ.க்கும் இடைப்பட்ட மாற்றுப் பாதையில் விடப்படுகிறது. பின்னர் அதன் சொந்த எஞ்சின் சேய்மைப் புள்ளியில் இயங்கி, பாதையை வட்டமாக்கிப் புவிநிலைக்குக் கொண்டு போகிறது. அந்த நீள்வட்டம் சில நாள் தங்கும் வழி மட்டுமே. அதன் சாய்வும் 63.4 டிகிரிக்கு வெகு கீழே இருப்பதால், அங்கேயே விட்டுவைத்தாலும் மேலே சொன்ன திருப்பம் அதை வட்டாரச் சேவைக்கு உதவாமல் ஆக்கிவிடும்.

மோல்னியா வகைச் செயற்கைக்கோளை மதுரையிலிருந்து பார்க்கவோ பிடிக்கவோ முடியுமா?

சேய்மைப் புள்ளி நம் தீர்க்கரேகைக்கு அருகே அமைந்திருந்தால், செயற்கைக்கோள் வடக்கு வானில் அடிவானிலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில் இருக்கும்; அதாவது இங்கிருந்து பார்க்கும் கோட்டில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆன்டெனா விரும்பும் மாணவர்கள் முயன்று பார்க்கலாம்: வடக்குப் பக்கம் மறைப்பில்லாத மொட்டை மாடி, கையால் திருப்பக்கூடிய திசை ஆன்டெனா, கணினியோடு இணைந்து மென்பொருளால் இயங்கும் எஸ்டிஆர் ரிசீவர், பாதைத் தரவுகளைக் கொண்டு கோணம் காட்டும் இலவச மென்பொருள் ஆகியவை வேண்டும். திருப்பரங்குன்றம் பக்கம் இருப்பவர்கள் மலை வடக்கே வராத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேவைக்கற்றை வடக்கு நாடுகளை நோக்கி இருப்பதால் நிகழ்ச்சி எதுவும் கிடைக்காது. கிடைத்தால் வழிகாட்டும் பீக்கன் அலை மட்டுமே, அதுவும் மெலிதாக. அந்த அலையின் அதிர்வெண் மணிக்கு மணி நகர்வதைக் குறித்துவைத்து வரைபடமாக்கினால், செயற்கைக்கோள் ஏறிய நேரமும் உச்சியில் நின்ற நேரமும் இறங்கத் தொடங்கிய நேரமும் அந்தக் கோட்டிலேயே தெரியும்.